ஒன்பது மாணவர்களும் ஒரு விண்ணப்பப் படிவமும்: கல்முனைக் கரையில் ஒரு வாரம்

எங்கள் பள்ளிக்கு வருடத்தில் பத்துப் பதினைந்து குழுக்கள் வரும். பிஸ்கட் பாக்கெட்டும் பென்சில் பெட்டியும் கொடுப்பார்கள், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் காது கேளாதோர் மேல்நிலைப் பள்ளி அது. பதினான்கு வருடமாக அங்கே நான் கணக்கு டீச்சர். போன வருடம் அப்படி ஒரு குழு வேனில் ஏறிப் போன பிறகு, பதினோராம் வகுப்புத் தமிழ்ச்செல்வி என் முன்னால் வந்து நின்று சைகையில் கேட்டாள்: "நாம் எப்போது இப்படி யாரையாவது பார்க்கப் போவோம்?"

பதில் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையை ஒட்டித் தெற்கே இருக்கும் சாய்ந்தமருதில், காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு சிறிய பகல்நேர நிலையத்தை நடத்துகிறவர் மிஸ்ரினா டீச்சர். இணையவழிப் பயிற்சி ஒன்றில் பழக்கமானார். எங்கள் பிள்ளைகளின் ஆசையைச் சொன்னதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கூட்டிக்கிட்டு வாங்க டீச்சர். தங்கிற இடம், சாப்பாடு எல்லாம் எங்கட பொறுப்பு" என்றார்.

இந்த மே மாத இரண்டாம் வாரம், கோடை விடுமுறையில் போய்வந்தோம். ஐந்து பெண்கள், நான்கு பையன்கள், உடற்கல்வி ஆசிரியர் சேவியர் சார், நான். ஞாயிறு கிளம்பி அடுத்த சனிக்கிழமை திரும்பினோம். இதே மாதிரி மாணவர்களை அழைத்துக்கொண்டு போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சிறு குறிப்பு: பிள்ளைகள் சைகையில் சொன்னதை நான் எழுத்துத் தமிழில் தருகிறேன். ஊர்க்காரர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே தருகிறேன், எனக்கு நினைவிருக்கும் மட்டும்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். போகவர ஒருவருக்கு இந்திய ரூபாயில் 13,800 ஆனது. மூன்று மாதம் முன்பே எடுத்ததால் இந்த விலை. ஒன்பது பேரில் எட்டுப் பேருக்கு இதுதான் முதல் விமானம். திருச்சியில் நாங்கள் விமானம் ஏற நின்ற வாசலை மாற்றிவிட்டார்கள். நானும் சேவியர் சாரும் அறிவிப்பு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பலகையில் எண் மாறியதைப் பார்த்து எங்களைக் கிளப்பியது பிள்ளைகள்தான். அறிவிப்பு வந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

விமான நிலையத்துக்கு வெளியே மிஸ்ரினா அனுப்பிய வேன் நின்றது. ஓட்டுநர் ரிஸ்வான், கல்முனைக்குடிக்காரர், முப்பது வயதிருக்கும். பகல் 11.50க்குக் கிளம்பி, பொலன்னறுவை, மட்டக்களப்பு வழியாக இரவு 8.20க்குச் சாய்ந்தமருது சேர்ந்தோம். மீட்டரில் 348 கிலோமீட்டர். ஒரு வழிக்கு இலங்கை ரூபாய் 62,000. பேருந்தில் வந்தால் இதில் பாதிகூட ஆகாது, ஆனால் பதினொரு பேரும் பெட்டிகளுமாக இரண்டு பேருந்து மாறுவது நடக்கிற காரியமில்லை.

ரிஸ்வான் முதல் அரை மணி நேரம் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார். பிறகு எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும், நிறுத்திவிட்டார். "இவ்வளவு அமைதியான ஸ்கூல் ட்ரிப்ப நான் கண்டதில்ல டீச்சர்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஒன்பது பேரின் கைகளும் காற்றில் பறந்துகொண்டிருந்தன. ஒருத்தி இருக்கையில் மண்டி போட்டுப் பின்வரிசையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். "அமைதி ஒண்டும் இல்ல. எல்லாரும் ஒரே நேரத்தில கதைக்கிறாங்க!" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை நிலையத்தில் கழிந்தது. கடலுக்கு முந்நூறு மீட்டர் தள்ளி, இரண்டு அறைகள், ஒரு முற்றம், இருபத்திரண்டு பிள்ளைகள். எனக்கு ஒரு பயம் இருந்தது. எங்கள் சைகையும் அவர்கள் சைகையும் வேறு. எண்கள் கொஞ்சம் ஒத்துப்போகும், மற்றபடி சாப்பாட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று எல்லாமே வேறுவேறு. நடுவில் நின்று நானும் மிஸ்ரினாவும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும் என்று அட்டவணைகூடத் தயாரித்து வைத்திருந்தேன்.

அந்த அட்டவணை என் பையைவிட்டு வெளியே வரவில்லை. முதல் பத்து நிமிடம் இரண்டு கூட்டமும் தள்ளித் தள்ளி நின்றது. பிறகு சாய்ந்தமருதுப் பையன் ஒருவன் எங்கள் பையன் ஒருவனின் பெரிய காதைக் காட்டி, இவ்வளவு பெரிய காது இருந்தும் கேட்கவில்லையா என்று கேலி செய்தான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பதினொரு மணிக்கு எல்லோரும் கலந்துவிட்டார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்குள் ஒரு புதுக் கலவை மொழி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது. மிஸ்ரினாவுக்கும் அப்படித்தான். நாங்கள் இருவரும் சுவரோரம் பால் இல்லாத பிளேன்டீயோடு உட்கார்ந்துவிட்டோம்.

அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஸிபானா, வயது பதினெட்டு. நெற்றியை இறுக்கி மூடிய கறுப்பு முக்காடு, கையில் எப்போதும் ஒரு பேனா. இருபத்திரண்டு பேரில் யார் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று தலையைத் திருப்பாமலே அவளுக்குத் தெரிந்தது. இந்த நிலையத்தின் முதல் மாணவிகளில் ஒருத்தி அவள். சாய்ந்தமருதிலிருந்து 32 கிலோமீட்டர் உள்ளே, இறக்காமத்தில் வீடு. அங்கிருந்து தினமும் வரமுடியாத சின்னப் பிள்ளைகள் நான்கு பேருக்கு அவள் வீட்டிலேயே ஒரு வகுப்பு நடத்துகிறாள். நிலையத்தின் திட்டங்களில் அதுவும் ஒன்று. இந்த வாரம் எங்களுக்காகச் சாய்ந்தமருதில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தாள். அவளும் தமிழ்ச்செல்வியும் மாலைக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மருதமுனை, வேனில் இருபது நிமிடம். நிலையத்தில் படித்த ஐந்து பேர் வேலை செய்யும் கைத்தறிக் கூடம் ஒன்றைப் பார்த்தோம். பதினாறு தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும் சத்தத்தில் எனக்கும் சேவியர் சாருக்கும் தலை வெடித்தது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, தறிக்கட்டையில் கையை வைத்து அதிர்வை ரசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அசத்தியது வேறொரு விஷயம். அந்தச் சத்தத்தில் காது கேட்கிறவர்களாலும் பேசமுடியாது. அதனால் மேற்பார்வையாளரிலிருந்து நூல் சுற்றுகிறவர் வரை எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள். நூல் அறுந்தது, சாயம் மாறிவிட்டது, தேநீர் வந்துவிட்டது, எல்லாமே சைகை. எங்கள் பையன்களில் ஒருவன் மேற்பார்வையாளரிடம் நேராகப் போய்ச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, அவர் கையாலேயே பதில் சொல்ல, நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சாரம் (அங்கே கைலியை அப்படித்தான் சொல்கிறார்கள்) 1,800 இலங்கை ரூபாயிலிருந்து கிடைக்கிறது. நான் மூன்று வாங்கினேன்.

அன்று மாலை கடற்கரையில் தமிழ்ச்செல்வி என்னிடம் ஒரு காகிதத்தைக் காட்டினாள். மட்டக்களப்பில் விடுதியோடு கூடிய ஒரு தொழிற்பயிற்சி நிலையம், கணினியில் வடிவமைப்புப் படிப்பு, இரண்டு வருடம், காது கேளாதவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் ஸிபானா தேறியிருந்தாள். பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவத்தை வியாழன் மாலை நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும். படிவத்தில் அந்த ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அவள் அப்பா மாட்டேன் என்கிறார்" என்றாள் தமிழ்ச்செல்வி. "நாளைக்கு நாம் அவள் வீட்டுக்குத்தானே போகிறோம்?"

மிஸ்ரினாவிடம் கேட்டேன். பெருமூச்சு விட்டார். "ஓம் டீச்சர், மூணு தரம் போய்க் கதைச்சிட்டன். காசிம் காக்கா நல்ல மனிசன். மகள எண்டா உசிரு. அதுதான் பிரச்சின." (அங்கே முஸ்லிம் குடும்பங்களில் காக்கா என்றால் அண்ணன். எங்கள் ஊரிலிருந்து போகிறவர்கள் சிரித்துவைக்காதீர்கள். நான் சிரித்தேன், பிறகு நானும் அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.)

புதன்கிழமை காலை 9.15க்கு ஸிபானாவையும் மிஸ்ரினாவையும் ஏற்றிக்கொண்டு இறக்காமம் போனோம். இருபுறமும் விதைத்து மூன்று நான்கு வாரமான நெல், கண் கூசுகிற பச்சை. அங்கே வேளாமை என்று சொன்னால் நெற்பயிர்தான். ஸிபானா வீட்டு முன்கூடத்தில் நான்கு சின்னப் பிள்ளைகள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணிக் காட்டினார்கள். காசிம் காக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், வெயிலில் கறுத்த முழங்கைகள். மகள் பாடம் நடத்தும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

மதியம் பெரிய தட்டுகளில் சோறு வந்தது. ஒரு தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதைச் சகன் என்கிறார்கள். மாட்டிறைச்சி ஆணம் (குழம்பு), குளத்து மீன் பொரியல், கத்தரிக்காய், எருமைத் தயிர். சைவப் பிள்ளைகள் இருவருக்கு ஸிபானாவின் உம்மா தனித் தட்டில் பருப்பும் வாழைக்காயும் வைத்தார். சாப்பிட்டதும் மிஸ்ரினாவும் சேவியர் சாரும் மற்ற பிள்ளைகளைக் குளக்கட்டுக்கு அழைத்துப் போனார்கள். நானும் தமிழ்ச்செல்வியும் வீட்டில் தங்கினோம். ஸிபானா படிவத்தைக் கொண்டுவந்து தன் வாப்பாவின் முன்னால் பாயில் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"டீச்சர், நீங்க வெளிநாட்டில இருந்து வந்திரிக்கிற ஆக்கள். உங்களுக்கு மரியாத குறைவா கதைக்க மாட்டன். ஆனா ஒரு கதை சொல்றன் கேளுங்க. இவக்கு அப்ப ஏழு வயசு. வேளாமை வெட்டுற காலம். காலம்பற ஏழு மணி இரிக்கும். நாங்க எல்லாரும் வயலுக்க நிக்கம். காட்டுப் பக்கத்தால ஆனை ஒண்டு வந்திட்டு. கூக்குரல் போட்டுக்கிட்டு எல்லாரும் ஓடினம். நானும் ஓடினன் டீச்சர். இவ எனக்குப் பின்னால வாறா எண்டுதான் நினைச்சன். திரும்பிப் பார்த்தா, இவ அங்கால வரம்பில குந்திக்கிட்டு மண்ணில சோறாக்கி விளையாடிக்கிட்டு இரிக்கா. ஆனை எங்களுக்கும் இவக்கும் நடுவால போகுது. நாங்க கத்தின சத்தம் ஊருக்கே கேட்டிச்சு. என்ட புள்ளைக்கு மட்டும் கேக்கல்ல. அல்லாஹ்தான் காப்பாத்தினான். அண்டைக்கு முடிவெடுத்தன், இவள என்ட கண்ணுக்கு முன்னாலதான் வச்சிரிக்கணும் எண்டு. இப்ப டவுனுக்கு அனுப்பி, லொறி வாற சத்தம் கேக்காம ரோட்டில நிண்டா, நான் எங்க போய்ச் சொல்ற?"

நான் இரண்டு பெண்கள் பக்கமும் திரும்பினேன். "அப்பாவுக்குப் பயம். முன்பு ஒரு யானை வந்தது. அதனால் யோசிக்கிறார்." இவ்வளவுதான் சொன்னேன். அந்தப் பெண்ணின் மனதை நோகடிக்க வேண்டாம் என்று நினைத்தேன். பதினான்கு வருடமாக நான் இப்படித்தான் செய்துவந்திருக்கிறேன், அதிகாரிகளிடமும் பெற்றோர்களிடமும். அதைக் கருணை என்றே நினைத்திருந்தேன்.

தமிழ்ச்செல்வி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அவர் இவ்வளவு நேரம் பேசினார். அழப்போகிற மாதிரி இருந்தார். நீங்கள் மூன்று வரிதான் சொன்னீர்கள். மீதி எங்கே?"

எனக்கு முகம் சுட்டது. காக்காவிடம், "நீங்கள் சொன்னதை முழுதாகச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லுங்க" என்றார். முதலிலிருந்து தொடங்கி, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் ஓடியதை, திரும்பிப் பார்த்ததை, கத்தியதை. என் சைகை ஸிபானாவுக்குப் புரியாத இடத்தில் தமிழ்ச்செல்வி அவர்களுடைய கலவை மொழியில் எடுத்துக்கொடுத்தாள். ஸிபானாவின் கண்கள் அகன்றுகொண்டே போயின. அந்தக் காலைப்பொழுதைத் தன் வாப்பா என்னவாக நினைத்துவைத்திருக்கிறார் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முடித்ததும் அவள் எழுந்து நின்று பதில் சொன்னாள். நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"நீங்கள் ஓடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்த வரப்பு அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன், யானை. எழுந்து ஓட நினைத்தேன். அதற்குள் நீங்கள் எல்லோரும் ஓடினீர்கள். உடனே அது தலையை உங்கள் பக்கம் திருப்பியது. ஓடுகிறவர்களைத்தான் அது பார்க்கிறது என்று தெரிந்துகொண்டேன். அதனால் அசையவில்லை. கையில் இருந்த மண்ணைக்கூடக் கீழே போடவில்லை. அது போன பிறகுதான் போட்டேன்."

ஸிபானாவின் உம்மா சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காசிம் காக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தின வருசமா ஏன் புள்ள சொல்லல்ல?" என்றார். நான் அதைச் சைகையில் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

"யாரும் என்னிடம் கேட்கவில்லையே."

அவர் எழுந்து வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார். திரும்பி வந்தபோது மனதை மாற்றிக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. "ஆனை வேற டீச்சர், டவுன் வேற" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பித்தளைத் துண்டை எடுத்துப் பாயில் வைத்தார். வயலுக்கு மருந்து தெளிக்கும் கருவியின் முனையில் பூட்டுகிற நொசில், தேய்ந்துபோயிருந்தது. "இந்த ரெண்டு மகள்மாரும் தனிய பஸ்ஸில அக்கரைப்பற்றுக்குப் போய், இதே மாதிரி ஒண்டு வாங்கிக்கிட்டு வரட்டும். ஒருத்தரும் கூடப் போகப்படா. வந்தா கதைப்பம்."

தமிழ்ச்செல்வி என் பொறுப்பில் வந்த பிள்ளை, வேறு நாடு, அவளுக்கும் காது கேட்காது. நான் "முடியாது" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நொசிலைக் கைக்குட்டையில் முடிந்துவிட்டாள். அவள் பெற்றோரைக் காணொளி அழைப்பில் பிடித்தேன். அவர்களும் காது கேளாதவர்கள். அம்மா யோசிக்காமல் சொன்னார்: "திருச்சியில் தினமும் இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்கு வருகிறாளே டீச்சர்." இருப்பிடம் காட்டும் வசதியைக் கைப்பேசியில் போட்டுவிட்டு, மிஸ்ரினாவுக்கும் தகவல் சொல்லிவிட்டு, இருவரையும் 1.40 பேருந்தில் ஏற்றினோம். கட்டணம் ஒருவருக்கு 90 ரூபாய், பயணம் முக்கால் மணி நேரம். காசிம் காக்கா "நான் வயலுக்குப் போய்ட்டு வாறன்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மூன்று மணி நேரம் நான் செய்ததெல்லாம் கைப்பேசியில் ஒரு நீலப் புள்ளியைப் பார்த்ததுதான். 2.30க்குப் புள்ளி அக்கரைப்பற்றைத் தொட்டது. ஒரே தெருவில் முன்னும் பின்னும் நகர்ந்தது. 3.20க்குத் திரும்பக் கிளம்பியது. 3.45க்கு நடுவழியில் நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். ஸிபானாவின் உம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார். நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. பிறகு ஒன்று வந்தது: "டயர் பஞ்சர். பக்கத்தில் இருந்தவர் மாங்காய் கொடுத்தார். உப்பு இல்லை."

4.50க்கு இருவரும் முற்றத்துக்குள் நடந்து வந்தார்கள். கையில் நொசில், சரியானது. குளக்கட்டிலிருந்து திரும்பியிருந்த மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் கையை உயர்த்தி விரல்களைக் குலுக்கினார்கள், அதுதான் எங்கள் கைத்தட்டல். பத்து நிமிடம் கழித்து, தலை முதல் கால் வரை புழுதியோடு, காசிம் காக்கா வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். வயலுக்குப் போனவர் மேல் சேறு இருக்க வேண்டும், தார்ச்சாலைப் புழுதி எப்படி வந்தது என்று அவர் மனைவி கேட்டார்.

அவர் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். "பஸ்ஸுக்குப் பின்னாலயே போனன். பொறுக்கேலாமப் போச்சு. ரோட்டுக்கு இங்கால நிண்டு பார்த்துக்கிட்டு இரிந்தன். கடைக்காரன் முதல்ல வேற ஒண்டக் குடுத்தான். இவ பழசையும் புதுசையும் திருகுற புரிக்குப் புரி வச்சுப் பார்த்துட்டு, இது இல்ல எண்டு திருப்பிக் குடுத்தா. அவன் என்னவோ சொல்லிக்கிட்டு அங்கால திரும்பினான். உங்கட அந்த மகள் போனில எழுதி அவன்ட மூஞ்சிக்கு நேர காட்டினா. பிறகு சரியானத எடுத்துக் குடுத்தான். ரோட்டக் கடக்கக்குள்ள ரெண்டு பேரும் இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, திரும்ப இந்தப் பக்கம் பார்த்துத்தான் கால வச்சாங்க. அவங்களையே பார்த்துக்கிட்டு நானும் கடந்தன். லொறிக்காரன் கோர்ன் அடிச்சு ஏசினான். ரெண்டு காதும் நல்லாக் கேக்கிற நான் டீச்சர், லொறிக்கு முன்னால போய் நிண்டுட்டன்!"

இதை நான் ஒரு வார்த்தை குறைக்காமல் சைகையில் சொன்னேன். லொறி வந்த இடத்தில் ஸிபானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் கையை நீட்டினார். அவள் எப்போதும் வைத்திருக்கும் அந்தப் பேனாவைக் கொடுத்தாள். காசிம் காக்கா படியில் வைத்தே கையெழுத்துப் போட்டார். தேதியைத் தவறாக எழுதினார். அவள் பிடுங்கித் திருத்தினாள்.

வியாழன் காலை வாப்பாவும் மகளும் 8.30க்கே சாய்ந்தமருதுக்கு வந்துவிட்டார்கள். நிகழ்ச்சிநிரலில் அன்று வேறு ஏதோ இருந்தது, அதைக் கைவிட்டு மிஸ்ரினாவும் சேர்ந்து எல்லோருமாக ரிஸ்வானின் வேனில் மட்டக்களப்புக்குப் போனோம். 42 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஸிபானா மட்டும் உள்ளே போனாள். நாங்கள் பதின்மூன்று பேர் வாசல் மரத்தடியில் நின்றோம். கால் மணி நேரத்தில், முத்திரை குத்திய ரசீதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்தபடி வெளியே வந்தாள். மரத்தடியில் இருபத்துச் சொச்சம் கைகள் உயர்ந்து குலுங்கின. ரிஸ்வான் வேனின் ஹாரனை விடாமல் அடித்தார். காவலாளி ஓடிவந்து திட்டினார். திட்டுக் கேட்டதெல்லாம் எங்கள் நான்கைந்து பேருக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஓய்வு. மாலை கடற்கரையில் கைப்பந்து ஆடினோம். சாய்ந்தமருது எங்களை இரண்டு ஆட்டத்திலும் வென்றது, சேவியர் சார் இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை அதிகாலை வேன் ஏறினோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விசா விதிமுறை அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். மே மாதத்தில் வெயில் கடுமை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இல்லாமல் வெளியே போகாதீர்கள். உள்ளூர் சிம் அட்டை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுங்கள், காது கேளாத பிள்ளைகளோடு போனால் காணொளி அழைப்புக்கு இணையம் தாராளமாக வேண்டும். தோளும் முழங்காலும் மூடும் உடை போதும், பெண் பிள்ளைகளுக்கு ஒரு துப்பட்டா இருந்தால் வீடுகளுக்குள் போகும்போது வசதி. வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். இறக்காமம் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். திட்டங்களைப் பார்க்க நாளுக்கு ஒன்றுதான் வையுங்கள். ஒன்றுக்கு மேல் வைத்திருந்தால் எங்களுக்கு அந்தப் புதன்கிழமை கிடைத்திருக்காது. உங்கள் வேலை மொழிபெயர்ப்பது என்றால், முழுதாக மொழிபெயர்த்துவிடுங்கள். நல்லதோ கெட்டதோ, அவர்களுக்குச் சேர வேண்டியதை அவர்களுக்குச் சேர்த்துவிடுங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ளப் பதினான்கு வருடமும் ஒரு பதினேழு வயதுப் பெண்ணும் தேவைப்பட்டது.

ஸிபானா விடுதியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. மாதம் ஒருமுறை தனியாகப் பேருந்தில் வீட்டுக்கு வருகிறாள். அவள் நடத்திய வகுப்பை இப்போது மருதமுனைத் தறிக்கூடத்துப் பெண் ஒருத்தி வாரம் இருமுறை வந்து நடத்துகிறாள். மிஸ்ரினா போன வாரம் அழைத்திருந்தார். நிலையத்தில் பெற்றோருக்காகச் சைகை வகுப்புத் தொடங்கியிருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை காலையில். பத்துப் பன்னிரண்டு உம்மாமார்களுக்கு நடுவில் ஒரே ஒரு வாப்பா. இறக்காமத்திலிருந்து 32 கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்.

"எப்படிப் படிக்கிறார்?" என்று கேட்டேன்.

"கை வளையுதே இல்ல டீச்சர். வகுப்பிலேயே ஆக மெதுவான ஆள் அவர்தான்" என்றார் மிஸ்ரினா. "ஆனா ஒரு ஞாயிறும் வராம விட்டதில்ல."